உரிய முறையில் தீர்க்கப்பட்ட எண்ணெய்

மனிதகுலம் சாவை எதிர்த்து இதுவரை நடத்திய போராட்டங்களில் தலையாயது, புனே மாநகரம் கராடிப் பகுதியில், எங்கள் அடுக்ககத்தின் கிளப் ஹவுஸில், டேபிள் டென்னிஸ் மேஜையைச் சுற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கியது. மேஜைக்கு வலை கிடையாது, குழந்தைகள் கிழித்துவிட்டார்கள். மற்றபடி ஒரு சரித்திர நிகழ்ச்சிக்கு வேண்டிய எல்லாமே இருந்தன: தலைவர், செயலாளர், பொருளாளர், மெதுவடை. 'நீடாயுள் தமிழ் மன்றம்' என்று பெயர். செயலாளர் நான். ஆகவே இதில் மிகை எதுவும் இருக்காது. மிகையாக எழுதுவதற்குத் தலைவரின் முன் அனுமதி வேண்டும்.

தலைவர் ராமநாதன் சென்னைக்காரர். பக்கத்து ஐ.டி. பார்க்கில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் துணைத் தலைவர். அங்கே துணைத் தலைவர்கள் மட்டும் நூறு பேருக்கு மேல் இருப்பதாகச் சொல்வோர் பொறாமைக்காரர்கள். ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு நாள் மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது, தாமும் ஒரு நாள் சாக நேரிடலாம் என்ற தகவல் அவருக்கு எட்டியது. இவ்வளவு முக்கியமான விஷயத்தைத் தமக்கு முன்கூட்டியே தெரிவிக்கவில்லையே என்று அவருக்கு வருத்தம். அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் மன்றம்.

பொருளாளர் ஜெபகுமார் திருநெல்வேலிக்காரர். தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகன் வாங்கிய ஃபிளாட்டில் மனைவி தீபாவோடு இருக்கிறார். மன்றத்துக்குப் பொருள் எதுவும் இல்லாததால் அவரைவிடப் பொருத்தமான பொருளாளர் கிடைக்கவில்லை. இவர்களைத் தவிர ஏழெட்டு ஆண்கள். எங்கள் மனைவிமார் 'ஆதரவு உறுப்பினர்கள்'. அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. வடைப் பொறுப்பு உண்டு.

ராமநாதன் லேப்டாப்பைத் திறந்து தொடக்கவுரை ஆற்றினார்.

"ஃப்ரெண்ட்ஸ், நம்ம உடம்புல கோடிக்கணக்குல செல் இருக்கு. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர். அந்தச் சுவரை எதால கட்டியிருக்கு? கொழுப்பால! நீங்க என்ன எண்ணெய் சாப்பிடறீங்களோ அதான் உங்க சுவர். சுவர் நல்லா இருந்தா செல்லுக்கு வயசாகாது. செல்லுக்கு வயசாகலேன்னா நமக்கு வயசாகாது."

கைதட்டல். வயதாகாமல் இருக்கப்போகிற மகிழ்ச்சியில் ஒருவர் இரண்டாவது வடையை எடுத்தார்.

"உள்ள டி.என்.ஏ. இருக்கு. அதோட நுனில ஒரு மூடி. ஷூ லேஸ் நுனில பிளாஸ்டிக் இருக்குல்ல, அது மாதிரி. அது தேய்ஞ்சுதுன்னா ஆள் காலி."

ஜெபகுமார் தம் காலைக் குனிந்து பார்த்தார். "நான் செருப்புல்லா போடுதேன்," என்றார்.

இது கூட்டக் குறிப்பில் 'பொருளாளர் ஒரு விளக்கம் கோரினார்' என்று பதிவாகியிருக்கிறது.

தலைவர் தொடர்ந்தார். "முக்கியமான பாயின்ட். கொழுப்பு நம்ம எதிரி இல்ல. பழைய கொழுப்புதான் எதிரி. ஒரு தடவ காஞ்ச எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய வச்சுச் சாப்பிட்டா, அது செல்லோட சுவரையே அரிச்சிடும். புது எண்ணெய்? நோ பிராப்ளம்!"

இந்த இடத்தில் எழுந்த ஆரவாரத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆயுளை நீட்டிக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசாமிகள் எல்லோரும் முதலில் வடையைத்தான் பிடுங்குவார்கள். ராமநாதன் வடையைத் திருப்பிக் கொடுத்தார். புது எண்ணெயில் பொரித்தது பொரித்ததாகாது என்பது அன்றிலிருந்து எங்கள் அடிப்படைக் கொள்கை. தீர்மானம் ஒன்று ஏகமனதாக நிறைவேறியது: 'மன்ற உறுப்பினர் எவரும் ஒருமுறை காய்ந்த எண்ணெயை மறுமுறை உட்கொள்ளலாகாது.'

அப்போதுதான் சிக்கல் வந்தது. காலையில் ஒரு வாணலி எண்ணெயில் வடை; மாலையில் வேறொரு வாணலி எண்ணெயில் பஜ்ஜி. சரி, வாணலியில் மிஞ்சுகிற சுட்ட எண்ணெயை என்ன செய்வது? எங்கள் எண்ணெய் சாதாரண எண்ணெய் அல்ல. காங்கயம் பக்கம் மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய். கோவையிலிருந்து பஸ்ஸில் வரும். விடிகாலையில் வாகடு பஸ் நிறுத்தம் வரை போய், ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவே டின்னை வைத்துக்கொண்டு நான்தான் கொண்டுவருவேன். அதைக் கொட்டுவது என்று சொல்லவே வாய் கூசும்.

இரண்டாவது விவாதம் மன்றத்தின் கருணைக்குச் சான்று.

"சிங்க்ல ஊத்திடலாமே," என்றார் ஓர் உறுப்பினர்.

"அய்யய்யோ! குழாய் அடைச்சுக்கும். சொசைட்டி நோட்டீஸ் ஒட்டியிருக்கான் பாருங்க," என்றார் தலைவர். குழாயின் நலன் கருதி அந்த யோசனை கைவிடப்பட்டது.

"வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டா?"

ஜெபகுமாருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் வே, அவனுக்கு மட்டும் செல்லு இல்லியா? நம்ம வாய்க்கு ஆகாதத அவன் வாயில ஊத்தச் சொல்லுதீரா? பாவம்லா!"

எல்லோரும் தலைகுனிந்தோம். வாட்ச்மேனின் நலன் கருதி அதுவும் கைவிடப்பட்டது.

"தெரு நாய்க்குச் சோத்துல பிசைஞ்சு வெக்கலாம்."

"நாய் வாயில்லா ஜீவன் சார். தவிர, பி பிளாக்ல நாய்ப் பிரியர்கள் குரூப் இருக்கு. போலீஸுக்குப் போயிடுவாங்க."

"கோயில் விளக்குக்கு?"

"சாமிக்குச் சுட்ட எண்ணெயா!" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் பதறினார்கள்.

குழாய், வாட்ச்மேன், நாய், சாமி என்று ஈரேழு உலகத்தின் நலனையும் ஆராய்ந்த பிறகு, பதினொன்றரை மணி வாக்கில் எல்லோருக்கும் பசித்தது. நான் ஒரு வாசகம் முன்மொழிந்தேன். தீர்மானம் இரண்டு: 'சுட்ட எண்ணெய் அந்தந்த இல்லத்துக்குள்ளேயே உரிய முறையில் தீர்க்கப்பட வேண்டும்.' ஏகமனதாக நிறைவேறியது. 'உரிய முறை' என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல தீர்மானத்துக்கு அதுதான் அழகு.

வீட்டுக்கு வந்து கோதையிடம் இரண்டு தீர்மானங்களையும் வாசித்துக் காட்டினேன். கோதை என் மனைவி. பொள்ளாச்சிப் பெண். சமையலறையில் ஒரு எவர்சில்வர் தூக்கு வைத்திருப்பாள். எங்கள் கொங்குப் பக்கத்து வீடுகளில் எல்லாம் அது உண்டு. பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி அதில் ஊற்றி, மூடி வைத்து, தாளிக்கவும் தோசை சுடவும் தீர்ப்பார்கள்.

"ஏனுங்க, அப்ப இந்தத் தூக்குல இருக்கறத என்ன பண்றதுங்க?" என்றாள்.

"தீர்மானம் ரெண்டைப் பாரு."

"பாத்தனுங்க. அதுல ஒண்ணுமே இல்லீங்களே."

"உரிய முறையில தீர்க்கணும்னு போட்டிருக்கு."

கோதை தூக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரீங்க," என்றாள்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் நீடாயுள் திட்டம் அமலுக்கு வந்தது. நான் ஆபீஸில் டெலிவரி மேனேஜர். எதையும் முறையாகச் செய்து பழக்கம். தினமும் காலையில் அடுப்படியில் நின்றபடியே ஒரு கூட்டம் நடத்துவேன். ஆபீஸில் கேட்கும் அதே மூன்று கேள்விகள்.

"நேத்து என்ன எண்ணெய் பயன்பட்டது? இன்னிக்கு என்ன எண்ணெய்? வேலைக்குத் தடை எதாவது இருக்கா?"

"தடைங்களா? நீங்க அடுப்புக்கு முன்னாடி நிக்கறதுதானுங்க."

நான் ஓரடி தள்ளி நின்றேன். தடை நீக்கப்பட்டதாகக் குறித்துக்கொண்டேன்.

அடுப்பில் இரண்டு கல் இருக்கும். ஒன்றில் எனக்குப் புது எண்ணெயில் தோசை. இன்னொன்றில் அவளுக்குத் தூக்கு எண்ணெயில் தோசை. பொரியலும் இரண்டு தாளிப்பு. ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடப்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் ஆபீஸ் பிள்ளைகளிடம் இந்தத் திறமையை எத்தனை வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்! அந்த மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறதாம். இரண்டு தாளிப்பு முறையை மன்றம் பாராட்டியது.

ஆறு மாதம் ஓடியது. ஆயுள் நீளும்போது நேரம் போவதே தெரிவதில்லை. விநாயகர் சதுர்த்திக்கு மோதகத்தை ஆவியில் வேகவைக்காமல் புது எண்ணெயில் பொரித்துத் தின்றோம். மராத்தி நண்பர்கள் வியந்தார்கள். எனக்கு முகம் பளபளவென்று இருப்பதாக லிஃப்டில் இரண்டு பேர் சொன்னார்கள். கோதையிடம் அப்படி யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் லிஃப்ட் வேலை செய்யாமல் மூன்றாம் மாடிக்கு நடந்து ஏறினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நெஞ்சுக்குள்ள கரிச்சிட்டே இருக்குதுங்க. மாடி ஏறுனா மூச்சு வாங்குது. முன்ன இப்படி இல்லீங்க."

"தண்ணி நிறையக் குடி," என்றேன். குறிப்பில் எழுதினேன்: 'ஆதரவு உறுப்பினரிடம் உற்சாகக் குறைவு.'

இந்நிலையில்தான் விஞ்ஞானம் நேரில் எங்கள் கிளப் ஹவுஸுக்கே வந்தது. ஒரு சோதனைக்கூடம் முகாம் போட்டது. ஒரு சொட்டு ரத்தத்தில் செல்லின் வயதைச் சொல்லிவிடுவார்களாம். வந்திருந்த பெண்ணுக்கு 'நீடாயுள் ஆலோசகர்' என்று பதவி, பெயர் வைஜயந்தி. இதே புனேயில், கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் தமிழ் பேசும்போது நடுநடுவே மராத்தியும் இந்தியும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

"அங்கிள், ஆஃபர் சாலூ இருக்கு. ஏக் பே ஏக் ஃப்ரீ. நீங்க டெஸ்ட் பண்ணா ஆன்ட்டிக்கு ஃப்ரீ."

மனைவிமாரைச் சோதிக்கும் எண்ணம் எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை. ஆனால் இலவசமாகக் கிடைப்பதை வீணாக்கலாமா? எல்லோரும் கூட்டிவந்தோம். அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்ததால் கோதையின் புடவைத் தலைப்பில் மாவு இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை முடிவுகளோடு வைஜயந்தி வந்தாள். அன்று கிளப் ஹவுஸில் இருந்த பரபரப்பு எந்தப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கும் இருந்திராது. ராமநாதனின் செல்கள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவை. ஜெபகுமாரின் செல்கள் இன்னும் ராணுவக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தன. ஓய்வு பெறும் வயதே அவற்றுக்கு வரவில்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயது, செல்லுக்கு முப்பத்தேழு.

"ஏக்தம் யங், அங்கிள்!" என்றாள் வைஜயந்தி.

நான் மேஜையைச் சுற்றி ஒரு முறை நடந்தேன். முப்பத்தேழு வயதுக்காரனின் நடை.

"அப்புறம், ஆன்ட்டி லோக்..." வைஜயந்தி தாளைப் புரட்டினாள். "ஆன்ட்டி லோக்குக்குத் தோடா ஜாஸ்தி வந்திருக்கு."

கோதைக்கு நாற்பத்து நான்கு. செல்லுக்கு ஐம்பத்தைந்து. ராமநாதனின் மனைவி அகல்யா, ஜெபகுமாரின் தீபா, எல்லோருக்கும் இதே கதைதான். ஒரு வீட்டில்கூடத் தப்பவில்லை.

நான் உண்மையாகவே பயந்துவிட்டேன். மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றது கண் முன்னால் வந்தது. ஆனால் செயலாளர் பயப்படலாகாது என்பதால் அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டினேன். ஆதரவு உறுப்பினர்கள் முதன்முறையாக 'சிறப்பு அழைப்பாளர்'களாக உட்கார வைக்கப்பட்டார்கள். அன்று வடை இல்லை. வடை செய்கிறவர்கள் எல்லோரும் கூட்டத்தில் இருந்தார்கள்.

தலைவர் ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தார். "என் அபிப்பிராயம், இது ஜெனடிக். அகல்யாவோட அம்மாவுக்கும் சீக்கிரமே வயசாயிடுச்சு."

"எங்கம்மாவுக்கு எண்பத்தாறு. இன்னும் ஆவடியில தனியாத்தான் இருக்காங்க," என்றார் அகல்யா.

"அதைத்தான் சொல்றேன். எண்பத்தாறு ஆயிடுச்சு பாருங்க."

"சீரியலு பாக்கதாலயா இருக்கும் வே," என்றார் ஜெபகுமார்.

"நான் பாக்கதே இல்லியே! நீங்கல்லா நாள்பூரா பாக்கிய!" என்றார் தீபா.

கவலைப்படுவது காரணமாக இருக்கலாம் என்றார் ஒருவர். எதற்குக் கவலைப்படுகிறார்கள் என்பதை ஆராய மூன்று ஆண்கள் கொண்ட குழுவை அமைக்கலாம் என்றார் இன்னொருவர். வழிமொழியப்படும் தறுவாயில், தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த வைஜயந்தி ஏதோ பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டாள்:

"ஆன்ட்டி, நீங்க என்ன தேல் சாப்பிடறீங்க? அங்கிள் சாப்பிடற அதே எண்ணெய்தானா?"

மன்றத்தின் வரலாற்றில் இப்படி ஒரு கேள்வி எழுந்ததில்லை. முன் அறிவிப்பும் கொடுக்கப்படவில்லை.

"இல்லீங்க கண்ணு," என்றாள் கோதை. "நாங்க தீர்மான எண்ணெய்."

"அது என்ன பிராண்ட், ஆன்ட்டி?"

அகல்யா சிரித்துவிட்டார். தீபா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். ஆறு மாதமாக எங்கள் எல்லோர் சமையலறைகளிலும் சுட்ட எண்ணெய்க்கு அதுதான் பெயராம். 'தீர்மானம் ரெண்டு கரண்டி ஊத்தித் தாளிச்சேன்', 'எங்க வீட்ல தீர்மானம் நெறஞ்சு போச்சு, உங்க வீட்ல?' என்றெல்லாம் பேசிக்கொள்வார்களாம். உறுப்பினர்கள் எவருக்கும் தெரியாது.

ராமநாதன் எழுந்தார். "வெயிட். தீர்மானத்துல அதைச் சாப்பிடச் சொல்லி எங்கயுமே இல்லையே. செயலாளர், வாசிங்க."

நான் வாசித்தேன். 'அந்தந்த இல்லத்துக்குள்ளேயே உரிய முறையில்.'

"பாருங்க! சாப்பிடச் சொல்லலை."

கோதை தலைவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"கொழாய்ல ஊத்த வேண்டாம்னீங்க. வாட்ச்மேனு பாவம்னீங்க. நாய் பாவம்னீங்க. சாமிக்கு ஆகாதுன்னீங்க. வீட்டுக்குள்ளயே தீக்கோணும்னும் நீங்கதான் எழுதுனீங்க. வீட்டுக்குள்ள உங்களையும் என்னையும் விட்டா வேற ஆரு இருக்கறாங்க? நீங்க உறுப்பினருங்க. உங்களுக்கு ஆகாது."

ஜெபகுமார் கீழே குனிந்து வெகு நேரம் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "ஏட்டி தீபா, அன்னைக்கி வாட்ச்மேனுக்காவ நான் அந்தச் சண்ட போட்டேனே..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

தலைவர்தான் முதலில் தேறினார். தலைவர் என்றால் சும்மாவா? ஒரு தாளில் மளமளவென்று கணக்குப் போட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"இது சீரியஸ், ஃப்ரெண்ட்ஸ். இந்த ரேட்ல போனா நான் நூத்திப் பத்து வரைக்கும் இருப்பேன். அகல்யா என்னைவிட ரெண்டு வயசு சின்னவ, எழுபத்தஞ்சு தாண்ட மாட்டா. மீதி முப்பத்து மூணு வருஷம் எனக்கு யார் வடை சுட்டுத் தருவாங்க?"

'தலைவர் ஆதரவு உறுப்பினர்களின் நலன் குறித்துக் கடும் கவலை தெரிவித்தார்' என்று எழுதிக்கொண்டேன். எழுதும்போதே கை கூசியது. அகல்யா எழுந்து போய்விட்டார். மற்ற பெண்களும் பின்னாலேயே போனார்கள். கூட்டத்துக்குப் போதிய எண்ணிக்கை இருந்தது. நாங்கள் எல்லோரும் அங்கேயே இருந்தோம். ஆனால் மேற்கொண்டு நடத்த முடியவில்லை. பெண்கள் வாக்களிப்பதில்லை என்றாலும் அவர்கள் இல்லாமல் கூட்டம் நடத்தி எங்களுக்குப் பழக்கம் இல்லை.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு அடுப்படிக்குப் போனேன். மூன்று கேள்விகளும் வாயில் வரவில்லை. சமையல் மேடையின் ஓரத்தில் தூக்கு, மூடி போட்டு, இருந்த இடத்திலேயே இருந்தது.

"இன்னிக்கு எனக்கும் அந்த எண்ணெயில ரெண்டு தோசை ஊத்து," என்றேன்.

"ஆகாதுங்க," என்றாள் கோதை.

"ஏன்?"

"உட்கொள்ளலாகாதுன்னு நீங்கதானுங்க எழுதி வெச்சிருக்கறீங்க."

"அப்ப உனக்குப் புது எண்ணெயில ஊத்திக்கோ."

"ஊத்திக்கறேனுங்க. இன்னிலிருந்து அப்படித்தான். அகல்யாவும் தீபாவும் நானும் பேசியாச்சு." கல்லில் ஒரு கரண்டி புது எண்ணெய் விட்டாள். "நாளைக்கு வடை சுட்டா எண்ணெய் மிஞ்சுமுங்க. அத என்ன பண்றதுன்னு நீங்க கூட்டம் போட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் வடை இல்லீங்க."

கையைக் கழுவிவிட்டு அவள் தன் தட்டோடு ஹாலுக்குப் போனாள். பத்தடிதான். போகிற வழியில் ஃபிரிட்ஜ் பக்கம் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். அதை ஆறு மாதத்தில் முதல் முறையாக முழுவதும் பார்த்தேன்.

மன்றத்தின் ஆண்டறிக்கையை நான்தான் எழுத வேண்டும். மனிதகுலம் அதற்காகக் காத்திருக்கிறது. தலைவர், 'ஆண் உறுப்பினர்களின் சராசரி வயது பெருமளவில் குறைந்துள்ளது' என்று முதல் வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். அது உண்மைதான். அதற்குக் கீழே நான் என் வீட்டுக் கணக்கையும் சேர்த்திருக்கிறேன். மன்றம் தொடங்குமுன் எனக்கு நாற்பத்தெட்டு, கோதைக்கு நாற்பத்து நான்கு. ஆக, வீட்டின் மொத்த வயது தொண்ணூற்றிரண்டு. சோதனைப்படி எனக்கு முப்பத்தேழு, அவளுக்கு ஐம்பத்தைந்து. மொத்தம் இப்போதும் தொண்ணூற்றிரண்டுதான்.

என் உடம்பிலிருந்து இறங்கிய பதினோரு வயதில் ஒன்றுகூட வீணாகவில்லை என்பதை மன்றத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் எதையும் வெளியே கொட்டுகிற வழக்கமே கிடையாது.